பிறந்ததற்கு நோக்கம் இல்லை, செய்ய வேண்டியது உண்டு

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. பௌத்தப் பார்வையில் மனித வாழ்க்கைக்கு நோக்கம் என்று ஒன்று உண்டா? துன்பத்திலிருந்து விடுபடுவதுதான் அது என்றால் குடும்பம், வேலை, பிள்ளைகள் எல்லாம் வீணா? மறுபிறவியை நம்பாதவருக்கு இதில் என்ன இருக்கிறது? மூன்றுக்கும் எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், ஏனென்றால் முதல் கேள்விக்கு அவசரமாக ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவதால்தான் இரண்டாவது கேள்வியின் குழப்பமே வருகிறது.

உங்களை இன்னதற்காகப் படைத்தேன் என்று சொல்ல பௌத்தத்தில் யாரும் இல்லை. படைத்தவர் இல்லாதபோது படைப்பின் நோக்கம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. நீங்கள் பிறந்தது காரணங்கள் கூடியதால், அவ்வளவுதான். அந்தக் காரணங்களைத் தமிழிலேயே மணிமேகலை அடுக்கிச் சொல்லியிருக்கிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்றைச் சார்ந்து இன்னொன்று வரும் பன்னிரண்டு கண்ணிகள். இந்தச் சங்கிலியை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அதில் யாருடைய திட்டமும் தெரியாது. தெரியாமையும் வேட்கையும் தங்களைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போவதுதான் தெரியும்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லையா" என்று சிலர் சோர்ந்து போகிறார்கள். பிறப்புக்கு நோக்கம் இல்லை என்பதிலிருந்து வாழ்வதற்கும் நோக்கம் இல்லை என்று ஆகாது. கைக்கு வந்துவிட்ட இந்தப் பிறவியைக் கொண்டு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதில் புத்தர் மிக உறுதியாக இருந்தார். புத்தரின் உரைகளைத் தொகுத்து வைத்திருக்கும் பாலி மொழி நூல்களான நிகாயங்களில் ஒருவர் முழு விடுதலை அடையும்போது திரும்பத் திரும்ப ஒரே வாசகம் வருகிறது: பிறப்பு ஒழிந்தது, பிரமசரிய வாழ்வு நிறைவேறியது, செய்ய வேண்டியது செய்து முடிந்தது, இனி இந்த நிலைக்கு வருதல் இல்லை. நீங்கள் கேட்கும் நோக்கத்துக்கு அந்த நூல்களில் மிக நெருங்கி வருவது இந்தச் செய்து முடித்தல்தான். வானத்திலிருந்து நமக்கு ஒப்படைக்கப்பட்ட பணியாக அது எங்கும் வரவில்லை. தன் நிலைமையைச் சரியாகப் பார்க்கும் எவரும் தானாகவே கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய வேலை அது.

உலகம் எப்படித் தொடங்கியது, அதற்கு முடிவு உண்டா, உயிரும் உடலும் ஒன்றா வேறா என்பதெல்லாம் தெரியாமல் அந்த வேலையை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்கலாம். மாலுங்கியபுத்தர் என்ற பிக்கு இதைத்தான் கேட்டார். பதில் சொல்லாவிட்டால் துறவை விட்டுப் போய்விடுவேன் என்றும் சொன்னார். நச்சு அம்பு தைத்த ஒருவன், எய்தவன் எந்தக் குலம், உயரமா குட்டையா, நாண் எதனால் திரித்தது என்றெல்லாம் தெரிந்த பிறகுதான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்று அடம்பிடித்தால் அதற்குள் செத்துப்போவான் என்ற புகழ்பெற்ற பதில் அங்கேதான் வருகிறது. உவமை பலருக்கும் தெரியும், அதை ஒட்டி அவர் சொன்னதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். உலகம் நிலையானது என்று வைத்துக்கொண்டாலும் பிறப்பு, முதுமை, சாவு, அழுகை எல்லாம் உண்டு. நிலையற்றது என்று வைத்துக்கொண்டாலும் அவை உண்டு. அவற்றை இங்கேயே இப்போதே ஒழிப்பதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன் என்கிறார். அதாவது எந்தப் பிரபஞ்சக் கொள்கை உண்மையானாலும் மாறாமல் நிற்கும் ஒரு வேலையைத்தான் அவர் நம் கையில் கொடுக்கிறார்.

அந்த வேலை என்ன? வாரணாசிக்கு அருகே இசிபத்தனத்தில், இன்று சாரநாத் என்று அழைக்கும் இடத்தில், ஐந்து பேருக்கு அவர் சொன்ன முதல் உரையிலேயே அது இருக்கிறது. நான்கு உண்மைகள் என்று பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம்: துன்பம் உண்டு, அதற்குக் காரணம் வேட்கை, அது ஒழிய முடியும், ஒழிக்கும் வழி எட்டு உறுப்புகள் கொண்ட மார்க்கம். நான்கையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதி மறந்துவிடுகிறோம். ஆனால் அந்த உரையில் ஒவ்வொரு உண்மையோடும் ஒரு கடமை ஒட்டியிருக்கிறது. துன்பத்தை முழுதாக அறிந்துகொள்ள வேண்டும். அதன் காரணத்தைக் கைவிட வேண்டும். அதன் ஒழிவை நேரில் காண வேண்டும். வழியை வளர்த்துக்கொள்ள வேண்டும். நான்கையும் செய்து முடித்தேன் என்று தெரிந்த பிறகுதான் விழிப்படைந்தவன் என்று என்னை அறிவித்துக்கொண்டேன் என்கிறார். இவற்றை ஒப்புக்கொள்ள வேண்டிய நான்கு கொள்கைகள் என்று எடுத்துக்கொள்பவருக்கு பௌத்தம் ஒரு சோகமான தத்துவமாகத்தான் தெரியும். செய்ய வேண்டிய நான்கு வேலைகள் என்று எடுத்துக்கொண்டு பாருங்கள், வாழ்க்கையின் நோக்கம் என்று தனியாக ஒன்றைத் தேடும் தேவையே குறைந்துவிடும்.

முதல் வேலை எளிதாகத் தெரியும், ஆனால் எனக்கு அதுதான் மிகக் கடினமானதாகப் படுகிறது. துன்பத்தை விட்டு ஓடுவது நமக்குப் பழக்கம், அதை உட்கார்ந்து அறிவது பழக்கமில்லை. வருத்தம் வந்தால் கைபேசியை எடுக்கிறோம், சாப்பிடுகிறோம், யாரையாவது திட்டுகிறோம். வந்திருப்பது என்ன, எதைத் தொட்டு வந்தது, எதைப் பற்றிக்கொண்டதால் இவ்வளவு வலிக்கிறது என்று பார்ப்பதில்லை. சதிபட்டானம் என்ற விழிப்புப் பயிற்சி முழுவதும் இந்தப் பார்த்தலுக்காகத்தான் இருக்கிறது. உடல், உணர்ச்சி, மனம், மனத்தில் எழுபவை என்று நான்கு தளங்களில் பார்க்கச் சொல்கிறது.

இரண்டாவது வேலையில்தான் பெரிய தவறான புரிதல் ஒன்று நுழைகிறது. ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று புத்தர் சொன்னார், எனவே எதையும் விரும்பாத மரக்கட்டை ஆவதுதான் நோக்கம் என்று நினைக்கிறார்கள். முதல் உரையில் அவர் மூன்று வகை வேட்கையைச் சொல்கிறார். புலன் இன்பத்தின் மீதான வேட்கை ஒன்று. இன்னும் இன்னும் இருக்க வேண்டும், ஏதாவது ஆக வேண்டும் என்ற வேட்கை இன்னொன்று. இல்லாமல் போய்விட வேண்டும் என்ற வேட்கை மூன்றாவது. அந்த மூன்றாவதைக் கவனியுங்கள். வாழ்க்கை வெறுத்துப்போய் எல்லாம் முடிந்தால் போதும் என்று ஏங்குவதும் வேட்கைதான், அதுவும் துன்பத்தையே வளர்க்கும். எனவே பௌத்தம் சொல்லும் விடுதலை நிலையான நிர்வாணம் என்பது காணாமல் போவதற்கு இன்னொரு பெயர் என்று எடுத்துக்கொள்ள வழியே இல்லை. பேராசை, வெறுப்பு, அறியாமை ஆகிய மூன்றும் அணைந்த நிலை என்றுதான் புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் அதை விளக்கினார். அதை அடைந்த பிறகும் புத்தர் 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தார், அரசரோடும் குயவரோடும் பேசினார், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். முயற்சி, அக்கறை, நல்லதைச் செய்யும் விருப்பம் எதுவும் அவரிடம் அணைந்துபோகவில்லை.

சரி, குடும்பம், வேலை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மழுப்பாமல் பேச வேண்டும், ஏனென்றால் நிகாயங்களில் கடுமையான இடம் ஒன்று இருக்கிறது. மச்சிம நிகாயத்தில் 26ஆவது உரையில் புத்தர் இரண்டு வகைத் தேடலைப் பிரிக்கிறார். தானே பிறப்புக்கும் முதுமைக்கும் நோய்க்கும் சாவுக்கும் ஆட்பட்டவன், அதே பிறப்பு முதுமை நோய் சாவுக்கு ஆட்பட்டவற்றையே தேடி ஓடுவது உயர்வற்ற தேடல். அவை எவை என்றும் பட்டியல் போடுகிறார்: மனைவி மக்கள், வேலையாட்கள், ஆடு, கோழி, பன்றி, யானை, மாடு, குதிரை, பொன், வெள்ளி. தான் அப்படி ஆட்பட்டவன் என்பதன் ஆபத்தை உணர்ந்து, அவற்றுக்கு ஆட்படாத ஒன்றைத் தேடுவது உயர்ந்த தேடல். விழிப்படையும் முன் நானும் முதல் வகைத் தேடலில்தான் இருந்தேன் என்று சொல்லிவிட்டு, இளம் வயதில் பெற்றோர் கண்ணீர் வடிக்க வீட்டை விட்டுப் போனதையும் அதே உரையில் சொல்கிறார். மனைவி மக்களைப் பன்றி கோழியோடு ஒரே பட்டியலில் வைத்தது இன்று படிக்கும்போது உறுத்தும், எனக்கும் உறுத்தியது. ஆனால் அவர் அங்கே குற்றம் சொல்வது எதை என்று பாருங்கள். இவற்றில் கட்டுண்டு, மயங்கி, மூழ்கிப்போவதைச் சொல்கிறார். சாவிலிருந்து காப்பாற்ற முடியாத ஒன்றைச் சாவிலிருந்து காக்கும் அடைக்கலமாக நினைத்து இறுகப் பிடித்துக்கொள்வதைச் சொல்கிறார். பிள்ளையை வளர்ப்பதை அவர் அங்கே குறை சொல்லவில்லை. என் வாழ்க்கைக்கு அர்த்தமே இந்தப் பிள்ளைதான் என்று மொத்தப் பாரத்தையும் அந்தக் குழந்தையின் தலையில் ஏற்றி வைக்கும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. அது பெற்றவருக்கும் துன்பம், பிள்ளைக்கும் துன்பம். நம்மைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது.

துறவு போகாத ஒருவரிடம் புத்தர் இதே கேள்வியைக் கேட்ட இடம் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் உங்கள் கேள்விக்கு நிகாயங்களில் இருக்கும் மிகச் சிறந்த பதில் அதுதான். கோசல மன்னர் பசேனதி ஒரு நாள் நண்பகலில் சாவத்தியில் இருந்த புத்தரைப் பார்க்க வருகிறார். இந்த நேரத்தில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறார் புத்தர். அதிகாரம் கைக்கு வந்த, ஆட்சி வெறியும் இன்ப ஆசையும் பிடித்த அரசர்களுக்கு என்னென்ன வேலைகள் இருக்குமோ அவற்றில்தான் மூழ்கியிருந்தேன் என்று மன்னர் ஒளிக்காமல் சொல்கிறார். அப்போது புத்தர் கேட்கிறார்: நம்பகமான ஆள் ஒருவர் கிழக்கிலிருந்து வந்து, வானளவு உயரமான மலை ஒன்று எல்லா உயிர்களையும் நசுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது, செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்கிறார். மேற்கிலிருந்து இன்னொருவர் வந்து அதையே சொல்கிறார். வடக்கு, தெற்கு என்று நான்கு திசையிலிருந்தும் அதே செய்தி. மனிதப் பிறவியோ கிடைப்பதற்கு அரியது. இப்படி ஒரு பேரழிவு வந்தால் அப்போது செய்ய என்ன இருக்கிறது?

பசேனதி பெரிய ஞானி இல்லை. போர் செய்பவர், பெருந்தீனிக்காரர், உணவில் அளவை நினைவூட்ட ஓர் இளைஞனையே அவர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் சொன்ன பதில் இது: அறத்தோடு வாழ்வதையும் நேர்மையாக நடப்பதையும் நல்லதைச் செய்வதையும் புண்ணியம் செய்வதையும் தவிர அப்போது செய்ய வேறு என்ன இருக்கிறது? புத்தர் அதைத் திருத்தவில்லை. நான் உங்களுக்கு அறிவிக்கிறேன் மன்னரே, முதுமையும் சாவும் உங்கள் மேல் உருண்டு வந்துகொண்டிருக்கின்றன, இப்போது செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கிறார். மன்னர் அதே பதிலைத் திரும்பச் சொல்லிவிட்டு மேலும் சொல்கிறார்: என்னிடம் யானைப் படை இருக்கிறது, குதிரைப் படை, தேர்ப் படை, காலாள் இருக்கிறது, அவற்றுக்கு இங்கே வேலை இல்லை. பகைவரைச் சூழ்ச்சியால் பிளக்கும் அமைச்சர்கள் இருக்கிறார்கள், அவர்களாலும் ஆகாது. பகைவருக்குக் கொடுத்துச் சரிக்கட்ட நிலவறையிலும் மாடியிலும் பொன் இருக்கிறது, அதுவும் உதவாது.

இந்த உரையாடலில் எனக்கு மிகப் பிடித்தது, பதில் மன்னரின் வாயிலிருந்தே வருவதுதான். கேள்வியைச் சரியாக வைத்தபோது விடை அவருக்கே தெரிந்திருந்தது. வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பத்து விதமான கொள்கைகள் வந்து நிற்கும். முடிவு நிச்சயம், திசை நான்கும் அடைபட்டிருக்கிறது, கையில் இந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டால் பெரும்பாலோர் பசேனதி சொன்னதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்பார்கள். பயந்து ஒடுங்க வேண்டும் என்றோ, எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே காட்டுக்குப் போக வேண்டும் என்றோ மன்னருக்குத் தோன்றவில்லை. ஆட்சியை விடுங்கள் என்று புத்தரும் சொல்லவில்லை.

இல்லற வாழ்க்கையைப் பற்றி அவர் பேசியது கொஞ்சநஞ்சம் அல்ல. தீகஜாணு என்ற கோலியர் குலத்தவர் ஒருவர் வந்து, நாங்கள் இன்பத்தை அனுபவிப்பவர்கள், பிள்ளை குட்டிகளோடு நெருக்கி வாழ்பவர்கள், காசிச் சந்தனம் பூசுகிறோம், மாலை அணிகிறோம், பொன்னும் வெள்ளியும் வாங்குகிறோம், எங்களைப் போன்றவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை தருவது எதுவோ அதைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். சந்தனத்தைத் துடைத்துவிட்டு வா என்ற பதில் வரவில்லை. உழவோ வணிகமோ மாடு மேய்ப்பதோ அரசுப் பணியோ, எதைச் செய்தாலும் அதில் திறமையும் ஊக்கமும் வேண்டும்; நேர்வழியில் சேர்த்ததைப் பாதுகாக்க வேண்டும்; நல்லவர்களோடு பழக வேண்டும்; வரவறிந்து செலவு செய்ய வேண்டும் என்று இம்மைக்கு நான்கு. நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, மெய்யறிவு என்று மறுமைக்கு நான்கு. வரவு குறைவாக இருக்கும்போது ஊதாரியாகச் செலவழிப்பது எப்படித் தவறோ, நிறைய வைத்துக்கொண்டு கஞ்சத்தனமாக வாழ்வதும் அப்படியே தவறு என்கிறார். ராஜகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்ன உரையில் வருமானத்தை நான்காகப் பிரித்து, ஒரு பங்கை அனுபவி, இரண்டு பங்கைத் தொழிலில் போடு, நான்காவதை ஆபத்துக்கு வை என்று கணக்கே சொல்கிறார். பெற்றோர், ஆசிரியர், மனைவி, நண்பர், பணியாளர், துறவியர் என்று ஆறு உறவுகளிலும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டியதை அங்கே சொல்கிறார். கணவன் மனைவிக்கு, முதலாளி பணியாளுக்கு என்று கடன் இரண்டு பக்கமும் போகிறது. பணியாளுக்கு அவரவர் வலிமைக்கு ஏற்ற வேலை, உணவு, கூலி, நோயில் கவனிப்பு, உரிய நேரத்தில் ஓய்வு கொடு என்பது அதில் ஒன்று.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் அது நல்ல குடிமகனாக இருப்பதற்கான அறிவுரை மட்டும்தான். ஜேதவனம் என்ற தோட்டத்தை வாங்கிப் பிக்குகளின் சங்கத்துக்குக் கொடுத்த வணிகர் அனாதபிண்டிகரிடம் இல்லறத்தாரின் நான்கு மகிழ்ச்சிகளைப் பற்றிப் புத்தர் பேசுகிறார்: நேர்மையாக ஈட்டியது இருக்கிறது என்ற மகிழ்ச்சி, அதை அனுபவித்துப் பிறருக்கும் கொடுக்கும் மகிழ்ச்சி, கடன் இல்லாத மகிழ்ச்சி, உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் குற்றமில்லாமல் வாழும் மகிழ்ச்சி. முதல் மூன்றும் சேர்ந்தாலும் நான்காவதில் பதினாறில் ஒரு பங்குக்குக்கூட ஈடாகாது என்று முடிக்கிறார். அதே அனாதபிண்டிகர் சாகும் தறுவாயில் படுத்திருக்கும்போது சாரிபுத்தரும் புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தரும் பார்க்கப் போகிறார்கள். கண்ணைப் பற்றிக்கொள்ளாதே, காட்சியைப் பற்றிக்கொள்ளாதே, உணர்வைப் பற்றிக்கொள்ளாதே, இந்த உலகையும் மறு உலகையும் பற்றிக்கொள்ளாதே என்று சாரிபுத்தர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் அழுகிறார். தளர்ந்து போகிறீர்களா என்று கேட்கிறார் ஆனந்தர். இல்லை, இத்தனை காலம் புத்தரோடும் பிக்குகளோடும் பழகியும் இப்படி ஓர் உரையை நான் கேட்டதே இல்லை என்கிறார். வெள்ளை உடுத்த இல்லறத்தாருக்கு இப்படிப் பேசுவது வழக்கமில்லை, துறவியருக்குத்தான் பேசுவோம் என்று பதில் வருகிறது. அதற்கு அந்த மனிதர் சொல்வதுதான் இந்தக் கதையின் உயிர்: அப்படியானால் இல்லறத்தாருக்கும் இதைச் சொல்லுங்கள், கண்ணில் தூசு குறைவாக உள்ளவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள், கேட்காததால் கெட்டுப்போகிறார்கள்.

வீட்டில் இருப்பவருக்குச் சம்பாத்தியமும் ஒழுக்கமும் போதும், ஆழமானதெல்லாம் துறவிக்கு என்று நாமே கோடு கிழித்துக்கொள்ள வேண்டியதில்லை என்று நான் நினைப்பதற்கு இந்த இடம்தான் காரணம். குடும்பமும் வேலையும் வீண் இல்லை. வேட்கை எப்படி எழுகிறது, பற்று எப்படி இறுகுகிறது என்று பார்க்க அதைவிட நெருக்கமான இடம் கிடைக்காது. ஆனால் அவையே முடிவு என்று நின்றுவிட்டால் நான்கு வேலைகளும் தொடாமலே கிடக்கும்.

விடுதலை என்பது தன்னலம்தானே, தான் மட்டும் தப்பித்துப் போவதுதானே என்றும் கேட்பார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இதற்குப் பதில் வெளியே தேட வேண்டியதில்லை. பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம், பிறவார் உறுவது பெரும்பேரின்பம், முன்னது பற்றினால் வருவது, பின்னது பற்று அற்றோர் அடைவது என்று பௌத்தத் துறவி அறவண அடிகள் தனக்குச் சொன்னதாக மாதவி சொல்லும் வரிகள் மணிமேகலையில் உண்டு. முதல் உரையின் சாரம் நான்கே அடியில் தமிழில் இறங்கியிருக்கிறது. காப்பியத்தின் கடைசி அடியிலும் மணிமேகலை பிறவித் தளை அறுவதற்காகத்தான் நோன்பு நோற்கிறாள். ஆனால் அந்தக் கடைசி அடிக்குப் போகும் முன் அவள் என்ன செய்கிறாள்? அமுதசுரபியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போகிறாள். தீராப் பசியால் வாடிய காயசண்டிகைக்குச் சோறு போடுகிறாள், உலக அறவி என்ற பொது அம்பலத்தில் ஊனமுற்றோருக்கும் ஆதரவற்றோருக்கும் சோறு போடுகிறாள், சிறைக்குள் போய்ப் பசியாற்றி அந்தச் சிறையையே அறக்கோட்டமாக மாற்ற வைக்கிறாள். உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே என்று அதே நூல் சொல்கிறது. பசித்தவரிடம் பற்றறுப்பைப் பற்றிப் பேச அந்தக் கவிஞருக்கு மனம் வரவில்லை, அது சரியான பௌத்தம் என்றே நினைக்கிறேன். வயிற்றுப்போக்கில் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவை ஆனந்தரோடு சேர்ந்து கழுவித் தூக்கிப் படுக்க வைத்த புத்தர், எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று சொன்னது துறவியருக்கான விதிகளைச் சொல்லும் விநய நூலில் இருக்கிறது.

பௌத்தத்தில் பின்னால் வளர்ந்த பிரிவான மகாயானம் இதை இன்னும் முன்னே கொண்டுபோனது. எட்டாம் நூற்றாண்டில் நாலந்தாவில் வாழ்ந்த சாந்திதேவர், வானம் இருக்கும் வரை, உயிர்கள் இருக்கும் வரை நானும் இருந்து உலகின் துன்பத்தைப் போக்குவேனாக என்று வேண்டுகிறார். விழிப்படைய உறுதி பூண்டவரான போதிசத்துவருக்கு நோக்கம் எல்லோருடைய விடுதலையும்தான். நம் காலத்தில் அம்பேத்கர் வேறு ஒரு பக்கத்திலிருந்து வந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் ஏற்றவர், மறைவுக்குப் பிறகு 1957இல் வெளிவந்த தன் நூலில், மதம் உலகின் தோற்றத்தை விளக்கப் பார்க்கிறது, தம்மமோ, அதாவது புத்தரின் அறமோ, உலகை மாற்றி அமைக்கப் பார்க்கிறது என்று பிரித்துக் காட்டினார். வாழ்வே துன்பம் என்று மட்டும் சொன்னால் அது நம்பிக்கையற்ற போதனை ஆகிவிடும் என்ற கவலை அவருக்கு இருந்தது. மனிதருக்கு மனிதர் இழைக்கும் துன்பத்தை, சாதியை, வறுமையை விட்டுவிட்டுத் துன்ப ஒழிவைப் பற்றிப் பேச முடியாது என்பது அவர் நிலை. அதற்கும் ஏறக்குறைய அறுபது ஆண்டு முன்பே, 1898இல், தமிழ்ச் சிந்தனையாளர் அயோத்திதாசர் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்க உறுதிகளை ஏற்றுத் திரும்பி, சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும் இதே தேடலில்தான். அம்பேத்கரின் வாசிப்பு பாலி நூல்களோடு எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது, குறிப்பாக மறுபிறவி விஷயத்தில். ஆனால் பிறப்பால் யாரும் இழிந்தவர் ஆவதில்லை, பிராமணர் ஆவதும் இல்லை, செயலால்தான் ஆகிறார் என்று புத்தரே சொல்லியிருக்கும்போது, அந்தத் திசையில் அவர் போனதை மரபுக்கு வெளியே தள்ள எனக்கு மனமில்லை.

கடைசிக் கேள்வி மறுபிறவி. இதிலும் நேராகவே சொல்கிறேன். புத்தர் மறுபிறவியைச் சொன்னார், அதைப் பிற்காலச் சேர்க்கை என்று மொத்தமாகக் கழித்துவிட்டால் நிகாயங்களில் பாதி புரியாமல் போகும். நூறு ஆண்டுக்கு ஒருமுறை மேலே வரும் குருட்டு ஆமை, கடலில் மிதக்கும் நுகத்தடியின் ஒற்றைத் துளைக்குள் தலையை நுழைப்பதைவிட மனிதப் பிறவி அரிது என்பதெல்லாம் அந்தப் பின்னணியில்தான் முழு வலிமையோடு நிற்கிறது. தேவர்கள் இன்பத்தில் மறந்து கிடப்பார்கள், கீழுலகங்களில் வலி சிந்திக்க விடாது, இரண்டும் கலந்த மனிதப் பிறவியில்தான் விழித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்று மரபு சொல்வதும் அதனால்தான். ஆனால் நம்பினால்தான் தொடங்கலாம் என்ற நிபந்தனையை அவர் போடவில்லை.

கேசபுத்தம் என்ற ஊரில் காளாமர் குலத்தவர்கள் புத்தரிடம், ஒவ்வொரு ஆசிரியரும் வந்து தன் கொள்கையே உண்மை, மற்றவை பொய் என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டார்கள். கேள்விப்பட்டதால், மரபு என்பதால், நூலில் இருப்பதால், இவர் எங்கள் குரு என்பதால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பேராசையும் வெறுப்பும் மயக்கமும் ஒருவரிடம் எழுந்தால் அவருக்கு நன்மையா தீமையா என்று நீங்களே பாருங்கள் என்றார். தீமை என்று அவர்களே சொன்னார்கள். தன் மகன் ராகுலனுக்கும் இதே அளவுகோலைத்தான் கொடுத்திருந்தார்: ஒன்றைச் செய்வதற்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும், இது எனக்கோ பிறருக்கோ தீங்கு தருமா என்று பார். மறுபிறவி பற்றி ஒரு முடிவும் இல்லாதவர்கூட நாளைக் காலையில் தொடங்கக்கூடிய பயிற்சி இது. அலுவலகத்தில் அனுப்பப் போகும் ஒரு கடுமையான மின்னஞ்சலுக்கு முன்னால் நின்று பார்த்தால் தெரியும்.

பிறகு காளாமர்களுக்கு அவர் நான்கு ஆறுதல்களைச் சொன்னார். பகையும் தீய எண்ணமும் இல்லாத தூய மனத்தோடு வாழும் ஒருவருக்கு, மறுவுலகம் உண்டு, வினைக்குப் பயன் உண்டு என்றால் நல்ல இடத்தில் பிறப்பேன் என்பது முதல் ஆறுதல். மறுவுலகம் இல்லை, வினைக்குப் பயனும் இல்லை என்றால், இந்த வாழ்விலேயே பகை இல்லாமல், துயரம் இல்லாமல், இன்பமாக இருக்கிறேனே என்பது இரண்டாவது. தீமை செய்தவருக்குத் தீமை வரும் என்றால், யாருக்கும் கேடு நினைக்காத எனக்கு அது எங்கிருந்து வரும் என்பது மூன்றாவது. தீமை செய்தவருக்கும் தீமை வராது என்றால், இரண்டு வகையிலும் நான் தூயவனாகவே இருக்கிறேன் என்பது நான்காவது. மறுவுலகம் உண்டா இல்லையா என்று அந்த ஊர் மக்களுக்கு அவர் அங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. அவர்களும் அதைக் கேட்டு நிற்காமல், அன்றே அவரிடம் அடைக்கலம் புகுந்தார்கள்.